வடசென்னைத் தெருவில் தொலைநோக்கி வைக்க நினைப்பவர்களுக்கு

பொதுமக்களுக்கு வானத்தைக் காட்ட வேண்டும், விண்வெளி ஆய்வைப் பற்றியும் அது எழுப்பும் பெரிய கேள்விகளைப் பற்றியும் அவர்களோடு தமிழில் பேச வேண்டும் என்ற ஆசையில் இராயபுரத்திலும் காசிமேட்டிலும் நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். வானியல் நூல்கள் கிடைக்கின்றன. தொலைநோக்கியைக் கையாளக் கற்றுத்தரும் காணொளிகளும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கருவியைத் தெருவில் வைத்து, முன்பின் அறியாதவர்களை வரிசையில் நிற்க வைத்தால் பணம் எங்கெல்லாம் கரையும், எங்கே அச்சப்பட நேரும், எந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்து நிற்போம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அமைப்பு எதுவும் துணையில்லாமல் தனியாளாக இதில் இறங்க நினைப்பவர் யாரேனும் இருந்தால், அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் சரக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலாவின் தென் துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியபோது, எங்கள் தெருவே தொலைக்காட்சியின் முன்னால் இருந்தது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று தெரிந்ததும் பிள்ளைகளின் உற்சாகம் இரட்டிப்பானது. அடுத்த சில நாள்கள் அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. வடசென்னைக்கு ராக்கெட் புதிதன்று. ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது, வானம் தெளிவாக இருந்தால் மொட்டை மாடியிலிருந்தே ராக்கெட் ஏறிச்செல்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் கேள்வி கேட்க வேண்டுமென்றால் நகரத்தின் மறுகோடியில், கோட்டூர்புரத்திலுள்ள பிர்லா கோளரங்கத்துக்குத்தான் போக வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுக்கும் பயணம். அதனால் கருவியை நானே வாங்கித் தெருவுக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

எட்டு அங்குலக் குழியாடி கொண்ட, கையால் திருப்பும் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி ஒன்றை வெளிமாநில விற்பனையாளர் ஒருவரிடம் 52,000 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது குழாய் நசுங்கியிருந்தது. ஆடியின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. விற்றவர் கூரியர்காரர்களைக் குறை சொன்னார். அவர்களோ பெட்டி கட்டப்பட்ட விதம் சரியில்லை என்றார்கள். என் சேமிப்பில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள் உடைந்து கிடந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லவும் மனம் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து, பல மாதங்கள் விடாமல் எழுதிய பிறகு 14,000 ரூபாய் திரும்பி வந்தது. அந்தத் தொகையாவது கிடைத்ததற்கு ஒரே காரணம், பெட்டியின் முத்திரையை அறுப்பதிலிருந்து ஆடியை வெளியே எடுப்பது வரை வெட்டில்லாத ஒரே காணொளியாக என் தங்கை மகன் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்ததுதான். கண்ணாடிப் பொருள் எதை வரவழைத்தாலும் அதைச் செய்யுங்கள். அனுப்பும்போதே காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்தால் காட்சி ஏறக்குறையக் கெடுவதில்லை என்பதும், அந்த இடத்தில் கறுப்பு வண்ணம் பூசிவிட்டால் போதும் என்பதும் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிய வந்தது. முன்பே தெரிந்திருந்தால் அந்த இரவாவது உறங்கியிருப்பேன்.

வாங்கும்போது விலையைவிட ஆடியின் விட்டத்தைப் பாருங்கள். ‘500 மடங்கு பெரிதாகத் தெரியும்’ என்று அட்டையில் அச்சிட்ட சிறு தொலைநோக்கிகள் கடைகளில் நிறைய உண்டு. உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் வரும் எண்; வில்லையை மாற்றினால் எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால் ஓர் அங்குல விட்டத்துக்கு ஏறத்தாழ 50 மடங்கைத் தாண்டினால் காட்சி மங்கிக் கலங்கிவிடும். என் கருவியின் குவியத் தொலைவு 1,200 மி.மீ.; 25 மி.மீ. வில்லையில் 48 மடங்கும், 10 மி.மீ. வில்லையில் 120 மடங்கும் கிடைக்கும். தெருவில் காட்டுவதற்கு இந்த இரண்டுமே போதும். டாப்சோனியனைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இன்றளவும் மகிழ்ச்சி. இதை உருவாக்கிய ஜான் டாப்சன், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துறவியாக வாழ்ந்தவர். மடத்தில் இருந்தபோதே கழித்துப்போட்ட கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தபின் நடைபாதையில் கருவியை நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் அழைத்து வானத்தைக் காட்டினார். இந்த உலகம் எதனால் ஆனது என்ற தத்துவக் கேள்விக்கும் தொலைநோக்கிக்கும் நடுவே அவர் சுவர் எழுப்பவில்லை. சோர்ந்த நாள்களில் நான் நினைத்துக்கொண்டது அவரைத்தான்.

காசிமேட்டின் உப்புக் காற்று கருவிக்கு எதிரி. கருவியோடு வந்த மரத்தூள் பலகையாலான அடிப்பீடம் முதல் மழைக்காலத்திலேயே ஊறி உப்பிச் சுழல மறுத்தது. படகு கட்டும் தச்சர் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, “இது தண்ணி தாங்காதுப்பா. மெரைன் பிளைவுட்ல அடிச்சித் தரேன், உன் பேரன் காலத்துக்கும் இருக்கும்” என்றார். 4,500 ரூபாய் ஆயிற்று; இன்றுவரை அசையவில்லை. ஆடியின் மேலிருக்கும் அலுமினியப் பூச்சு அதைவிட நுட்பமானது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதில் உப்பும் ஈரமும் படிந்து புள்ளி புள்ளியாக அரித்துவிட்டதால், ஆடியைக் கழற்றி வெளியூருக்கு அனுப்பி மறுபூச்சுப் போட்டு வாங்க 11,000 ரூபாய் செலவானது. அந்த மாதங்களில் கருவி இல்லாமல் நான் வெறுமனே இருந்தேன். இப்போது கடலோரத்தில் காட்டி முடித்ததும் குழாயின் இரு முனைகளையும் மூடிவிட்டே வீட்டுக்குள் கொண்டு வருகிறேன். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவற்றைத் தவறாமல் மாற்றுகிறேன். ஆடியில் தூசு படிந்தால் துணியால் துடைக்கவே கூடாது. சிறிதளவு தூசு காட்சியைக் கெடுக்காது; துடைப்பதால் விழும் கீறல் நிரந்தரம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உலுக்கியது ஒரு காவல் நிலைய இரவு. கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு திட்டில் கருவியை வைத்து நிலாவைக் காட்டிக்கொண்டிருந்தேன். துறைமுகமும் கப்பல்களும் அருகில் இருக்கும் இடம். நீண்ட குழாய் ஒன்றை நிறுத்தி ஆள் சேர்த்துக்கொண்டிருப்பதாக யாரோ தகவல் கொடுத்திருக்க வேண்டும். வந்த காவலர்கள் முதலில் மரியாதையாகத்தான் விசாரித்தார்கள். அனுமதிக் கடிதம் கேட்டார்கள், என்னிடம் இல்லை. கருவியோடு நிலையத்துக்கு அழைத்துச் சென்று, என் கைப்பேசியிலிருந்த படங்களையெல்லாம் பார்த்து, விடியும் வரை உட்கார வைத்தார்கள். வரிசையில் நின்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க வண்டியில் ஏறியபோது உண்டான கூச்சமும், வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயமும் பல வாரங்கள் என்னை விடவில்லை. சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவு பொது இடக் கூட்டங்களை ஒழுங்குபடுத்துகிறது; பத்துப் பேர் கூடி நிலாவைப் பார்ப்பதைக் கூட்டம் என்று நாம் நினைக்காவிட்டாலும், நினைக்கக்கூடியவர்கள் உண்டு. ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே இடம், நேரம், கருவியின் படம், உங்கள் அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு நிலையத்தில் கடிதம் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக் கையில் வைத்திருங்கள். பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் கையொப்பமும் சேர்ந்தால் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. துறைமுகத்தை நோக்கிக் குழாயை ஒருபோதும் தாழ்த்தாதீர்கள். எங்கள் பகுதி மாநகராட்சிப் பள்ளியின் தலைமையாசிரியை அப்படி ஒரு கடிதம் கொடுத்த பிறகு, அதே நிலையத்திலிருந்து ஒரு தலைமைக் காவலர் தம் மகளை அழைத்து வந்து வரிசையில் நின்றார்.

இனி வரிசையைப் பற்றி. நிலாவைக் காட்டப் பௌர்ணமி ஏற்ற நாளன்று. அன்று ஒளி நேராக விழுவதால் மேடு பள்ளம் எதுவும் தெரியாமல் வெளுத்துப்போயிருக்கும். வளர்பிறையின் அரைநிலா நாள்களில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் நிழல் நீண்டு விழும். அதைப் பார்க்கும் எவரும் ஒரு கணம் பேச்சிழந்து நிற்பார்கள். டாப்சோனியனுக்கு வானத்தைப் பின்தொடரும் மோட்டார் கிடையாது. வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால், 120 மடங்கில் பார்க்கும்போது இரண்டு நிமிடங்களுக்குள் காட்சி வில்லையை விட்டே போய்விடும். இரண்டு பேர் பார்த்ததும் மறுபடி நடுவே கொண்டு வர வேண்டும். அதற்கு ஒருவர் கருவியருகிலேயே நிற்க வேண்டும். வரிசையைக் கவனிக்க இன்னொருவர் தேவை. தனியாளாக இரண்டையும் செய்தால் குரல் போய்விடும், எரிச்சல் வரும், கடைசியில் நிற்கும் பாட்டியிடம் அந்த எரிச்சலைக் காட்டிவிடுவோம். தெருப் பிள்ளைகளில் ஒருவருக்குக் கருவியைத் திருப்பக் கற்றுக்கொடுங்கள். பத்து வயதுப் பெண் குழந்தைகூட அழகாகச் செய்கிறாள். ஒரு முறை மூதாட்டி ஒருவர் கண்ணை எடுக்காமலேயே, “நிலா ஓடுதேப்பா” என்றார். “நிலா ஓடலைம்மா, நம்மளத்தான் பூமி தூக்கிக்கினு ஓடுது” என்றேன். சென்னை இருக்கும் அகலக்கோட்டில் பூமியின் சுழற்சி நம்மை மணிக்கு ஏறத்தாழ 1,600 கி.மீ. வேகத்தில் கிழக்கே கொண்டு செல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கி ஏவும் ராக்கெட்டுகளுக்கு இந்த வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. அசையாத தரை என்று நாம் நம்பும் ஒன்றின் மேல் நின்றுகொண்டுதான் எல்லாவற்றையும் அளக்கிறோம் என்ற எண்ணத்தை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு எளிதாகக் கொண்டு சேர்த்து நான் பார்த்ததில்லை. கருவியில் மோட்டார் இல்லையே என்ற குறை அன்றோடு தீர்ந்தது.

புரொஜெக்டர், ஒலிபெருக்கி, வாடகை நாற்காலி இவற்றுக்கெல்லாம் பணம் செலவழிக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். இங்கே மூலைக்கு மூலை கேரம் மன்றங்கள் உண்டு. ஒரு மாலை கேரம் காய் ஒன்றைப் பூமி என்று வைத்து, நிலாவை எங்கே வைப்பீர்கள் என்று ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களைக் கேட்டேன். நிலாவுக்குச் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு மணியைக் கொடுத்தேன். எல்லோரும் அதைக் காய்க்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே வைத்தார்கள். நிலா 3,84,400 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே அந்த மணி காயிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளி, பலகையின் ஆட்டப் பரப்பைத் தாண்டிப் போக வேண்டும். அதைச் செய்து காட்டியபோது எழுந்த கேள்விகள் அரை இரவு நீண்டன.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு முழுச் சந்திர கிரகணம். இரவு 9.57க்குத் தொடங்கி, 11 மணியிலிருந்து 12.22 வரை நிலா முழுமையாக நிழலுக்குள் இருக்கும் என்பதால், மண்டபம் ஒன்றின் மாடியைப் பேசி 15,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். துண்டறிக்கை, ஒலிபெருக்கி, நாற்காலிக்கு 9,500. கிரகண நேரத்தில் மண்டபத்தைத் திறக்கக் குடும்பத்தில் சம்மதமில்லை என்று உரிமையாளர் கடைசி நேரத்தில் சொன்னார். முன்பணம் திரும்பவில்லை, ரசீதில் நிகழ்ச்சியின் நோக்கமோ, திரும்பத் தரும் நிபந்தனையோ எழுதப்பட்டிருக்கவில்லை. எனக்குக் கோபத்தைவிடத் துயரமே அதிகமாக இருந்தது. கிரகணத்தைப் பற்றிய பயத்தை அகற்றத்தான் நிகழ்ச்சியே. அந்தப் பயமே அதைக் கலைத்தது. அருகிலிருந்த தேவாலயத்தின் பங்குத் தந்தை, கேட்டவுடன் வளாகத்தைத் திறந்துவிட்டார். இடம் பேசும்போது ‘கிரகணம் பார்க்கும் நிகழ்ச்சி’ என்ற சொற்களை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள், பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

அன்றிரவு ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவருடைய மாமியாரும் வாசலருகே வந்து நின்றார்கள். மருமகளுக்குப் பார்க்க ஆசை, மாமியாருக்கு அச்சம். உடனிருந்த இளைஞர்கள் வாதத்துக்குத் தயாரானார்கள், நான் தடுத்தேன். “அம்மா, கிரகணம்னா பூமியோட நிழல் நிலா மேல விழறது. அந்த நிழல்லதான் நாம தினமும் ராத்திரி தூங்கி எழுந்திரிக்கிறோம்” என்று மட்டும் சொன்னேன். நிலா சிவந்ததற்குக் காரணம், பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று சூரிய ஒளியை வளைத்து உள்ளே அனுப்புவது. அந்த நேரத்தில் பூமி முழுவதும் நிகழ்கிற விடியல்களின், அந்திகளின் நிறமே நிலாவில் தெரிகிறது என்றும் சொன்னேன். மாமியார் நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். மருமகளை அனுப்பவில்லை, தாம் மட்டும் வந்து பார்த்தார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. கூட்டத்தின் நடுவே ஒருவருடைய நம்பிக்கையைத் தோற்கடித்தால் அவர் மறுபடி வரமாட்டார். இந்த ஊரில் இதற்கு முன்னோடி உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பர் 9இல் வெள்ளி சூரியனைக் கடந்ததையொட்டி, நம் நாட்டு மொழிகளில் மக்களுக்கு விளக்கச் சிறு நூல் எழுதினார். அதை உரையாடல் வடிவில் அமைத்தார். பதில் சொல்வதைவிட, கேட்பவரைப் பேச விடுவதே அந்த வடிவத்தின் வலிமை என்று நான் கருதுகிறேன்.

கிரகணம் முடிந்ததும் நிலாவுக்கு அருகே நின்ற சனிக்கோளுக்குக் குழாயைத் திருப்பினேன். துண்டறிக்கையில் அச்சகத்தார் போட்டிருந்த படத்தில் அகன்ற வளையம் இருந்தது. வில்லையில் தெரிந்ததோ மெல்லிய கோடு. “வளையம் எங்க சார்?” என்று கேட்டவர்களின் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பும். 2025 அப்படிப்பட்ட ஆண்டு. 1610இல் சனியின் இருபுறமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கண்ட கலிலியோ, 1612இல் அவை மறைந்துபோனதைப் பார்த்துத் திகைத்தார். அது வளையம் என்று பின்னர் விளக்கியவர் டச்சு அறிஞர் ஹைகன்ஸ். பொருள் மாறவில்லை, நாம் பார்க்கும் கோணம் மாறியது என்பதைச் சொன்னதும் ஏமாற்றம் பேச்சாக மாறிற்று. ஏழரைச் சனி நடப்பதாகச் சொல்லி ஒதுங்கி நின்ற ஓர் அம்மாவை நான் வற்புறுத்தவில்லை. காட்டப் போகும் பொருள் இந்த ஆண்டு எப்படித் தெரியும் என்று பார்த்துவிட்டே துண்டறிக்கை அச்சிடுங்கள். அச்சகத்திடம் படத்தை நீங்களே கொடுங்கள்.

மீனவர்களிடம் பேசும்போது முதலில் கேளுங்கள். காசிமேட்டுப் பெரியவர் ஒருவர், கார்த்திகையில் பொழுது சாயும்போதே கிழக்கே ஆறாமீன், அதாவது கார்த்திகை விண்மீன் கூட்டம், ஏறும் என்று எந்த வரைபடமும் இல்லாமல் கை நீட்டிக் காட்டினார். அதன் ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகின்றன, சென்னையில் கோட்டை கட்டும் முன்பே கிளம்பிய ஒளி என்றேன். “அப்ப அது இன்னும் இருக்குதா தம்பி?” என்று கேட்டார். வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் பலவும் அழிந்துவிட்டவை என்று மேடைகளில் சொல்வதுண்டு, அது சரியன்று. விண்மீன்களின் ஆயுள் கோடிக்கணக்கான ஆண்டுகள்; நானூறு ஆண்டு அவற்றுக்கு ஒன்றுமே இல்லை. அனேகமாக எல்லாமே இன்னும் அங்கேதான் இருக்கின்றன. கைதட்டலுக்காக அந்த வரியைச் சொல்லாதீர்கள். இதனால் எங்களுக்கு என்ன பயன் என்ற கேள்வி நிச்சயம் வரும். கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் அளக்கும் ஓஷன்சாட் போன்ற செயற்கைக்கோள்களின் தரவைக் கொண்டு, மீன் திரளக்கூடிய இடங்களை ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அறிவிக்கிறது. புயல் எச்சரிக்கைக்கும் செயற்கைக்கோள்களே துணை. இதை நான் சொன்னபோது, ஸ்ரீஹரிகோட்டாவை அடுத்த பழவேற்காட்டில் உறவினர் உள்ள ஒருவர், “ராக்கெட் வுடற அன்னிக்கு அவங்க கடல்ல எறங்க முடியாது, அன்னிக்குக் கூலி யாரு குடுப்பா?” என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலை முன்கூட்டியே கண்டார்கள், ஆனாலும் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்ததே என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மை. நான் மறுக்கவில்லை, அவர்கள் கேட்டது நியாயம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அதன் பிறகுதான் அவர்கள் குழாய்க்கு அருகில் வந்தார்கள்.

கணக்கைப் பார்த்தால், வாங்கியது, பழுது பார்த்தது, மண்டபம், வாடகை எல்லாம் சேர்ந்து 92,000 ரூபாய். திரும்பி வந்த 14,000 போக 78,000. இதில் மண்டபத்துக்கும் வாடகைக்கும் போன 24,500 ரூபாயால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. இப்போது தேவாலய வளாகத்திலும் பள்ளி மைதானத்திலும் மட்டும், அரைநிலாவை ஒட்டிய சனிக்கிழமைகளில் காட்டுகிறேன். செலவு துண்டறிக்கைக்குக்கூட இல்லை, பள்ளிப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுகிறோம். மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் இருட்ட நேரமாகும். எட்டு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்புவதில்லை என்பதால் வரிசையில் ஆண்களே நிற்பார்கள். ஜனவரியில் ஏழு மணிக்குள் நன்றாக இருட்டிவிடும், வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். 2026 ஜனவரி 10இல் வியாழன் வானத்தில் சூரியனுக்கு நேரெதிரே வந்து, சூரியன் மறையும் நேரத்திலேயே கிழக்கில் எழுந்தது. அந்த வாரம் அதன் நான்கு நிலாக்களைப் பார்க்க வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் சிறுமிகளும்தான். ஆகவே ஆண்டின் முதல் மூன்று மாதங்களை இதற்கென்று ஒதுக்கிவிட்டு, காவல் நிலையக் கடிதத்தை டிசம்பர் கடைசியிலேயே கொடுத்து வைத்துவிடுங்கள்.